நாற்பத்தெட்டு கிலோ ஃபைனல்

போன ஆடி மாதம் ஒரு மதியம், அலுவலகத்தில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன். எங்கள் பாக்ஸிங் குழுவில் ஒரு ஓட்டெடுப்பு போட்டிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஃபைனல் நடந்திருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பது கேள்வி. கீழே இரண்டு பெயர்கள். ஒன்று என் பெயர்.

அந்தக் குழுவில் இருக்கிற எல்லாரும் ஒரு காலத்தில் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ பாக்ஸிங் கற்றுக்கொண்டவர்கள். இப்போது யாரும் ரிங் பக்கம் போவதில்லை. வயிறு வைத்துவிட்டது, முட்டி போய்விட்டது. ஆனால் வாதம் மட்டும் ஓயாது. கால் தரையில் படாத மாதிரி ஆடிய அந்தக் காலத்து அமெரிக்க சாம்பியனும், அவருக்குப் பின்னால் வந்து மணி அடித்த சூட்டிலேயே ஆளைச் சாய்த்துக்கொண்டிருந்த இன்னொருவரும், இரண்டு பேரும் நல்ல வயதில் மோதியிருந்தால் யார் ஜெயிப்பார்கள்? இதை வைத்தே வருடக்கணக்காக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கை நீளம், வேகம், தாடையில் அடி தாங்குகிற சக்தி என்று ஆளாளுக்கு வீடியோ போட்டு நிரூபிப்பார்கள். நான் படிப்பேன், எழுத மாட்டேன்.

அன்று லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிற ஒருத்தர், "அமெரிக்காவை விடுங்கப்பா. நம்ம ஊரு ஜாம்பவானுங்க ரெண்டு பேரு இருந்தாங்களே, அவங்க மோதியிருந்தா இன்னா ஆயிருக்கும்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

அவர் சொன்ன இரண்டு ஜாம்பவான்களில் ஒருத்தி விழுப்புரத்துக்காரியான நான். இன்னொருத்தி திண்டிவனத்துக்காரி. இருவரும் நாற்பத்தெட்டு கிலோ. பத்தொன்பது வயதில் எங்கள் வட்டாரத்தில் அந்த எடையில் எங்களைத் தொட வேறு ஆள் இல்லை. அவள் என்னை ஜெயித்ததில்லை, நான் அவளை ஜெயித்ததில்லை. நாங்கள் மோதியதே இல்லை.

அரை மணி நேரத்தில் குழு இரண்டாகப் பிரிந்தது. அவள் இடதுகைக்காரி, அதுவே பாதி வெற்றி என்றார் ஒருவர். எனக்கு உயரம் அதிகம், தள்ளி நின்றே புள்ளி எடுத்திருப்பேன் என்றார் இன்னொருவர். கடைசியில் ஒருவர் எழுதியதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "ஐம்பத்தொண்ணு கிலோவுல ஏறிப் போய் மெடல் வாங்கினவங்க. எடை ஏறி அடிச்சவங்கன்னா சும்மாவா? என் ஓட்டு விழுப்புரத்துக்குத்தான்."

அதற்குப் பிறகு ஓட்டு என் பக்கமே விழுந்தது.

அவளும் அந்தக் குழுவில் இருந்தாள். படம் வைக்காத ஒரு எண். அவளும் எப்போதும் எழுத மாட்டாள். அன்று எழுதினாள். "அவங்கதான் ஜெயிச்சிருப்பாங்க." அவ்வளவுதான். கை தட்டுகிற பொம்மைகளாக வந்து விழுந்தன. நான் டப்பாவை மூடி வைத்தேன்.

அவளை நான் முதலில் பார்த்தது வேறொரு ஊரில் நடந்த போட்டியில். பெண்களை ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் தங்க வைத்திருந்தார்கள். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு பாய் விரித்துப் படுத்தோம். பக்கத்துப் பாயில் அவள். கருத்து, ஒல்லியாக, தோள் மட்டும் பையன்களைப் போல அகலமாக இருந்தாள்.

"நீங்க எந்த வெயிட்டு?" என்று கேட்டாள்.

"நாப்பத்தெட்டு. நீ?"

"நானும்தாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அப்ப நாளைக்கு அடிச்சுக்கணும்."

அந்தப் போட்டியில் குலுக்கலில் எங்களுக்கு வேறு வேறு பக்கம் விழுந்தது. நான் அரையிறுதியில் தோற்றதால் அவளைச் சந்திக்கவில்லை. ஒரே வயதுக்காரி என்னை 'நீங்க' என்றாள், நான் யோசிக்காமல் அவளை 'நீ' என்றேன். இதை நான் கவனித்தது பல வருடங்களுக்குப் பிறகு.

அவளுடைய ஊர் கிளியனூருக்குப் பக்கம். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போகிறவர்கள். எங்கள் வீடு திருவெண்ணெய்நல்லூர் பக்கம். கரும்பும் நெல்லும் சொந்த நிலத்தில். அன்று இரவு அவள் அம்மா செய்து கொடுத்த கேப்பை அடையைப் பிரித்து, "எடுத்துக்கோங்க" என்று நீட்டினாள். பசியில்லை என்றேன். பசித்தது. அவள் இரண்டாவது முறை கேட்கவில்லை. ஆனால் காலையில் நான் கையில் பேண்டேஜ் துணியைத் தப்பும் தவறுமாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, தானே வந்து என் கையைப் பிடித்து, விரல் விரலாகப் பிரித்துச் சுற்றிவிட்டாள். "மணிக்கட்டுல லூசா வுட்டா கை போயிடும்ங்க" என்றாள்.

அவள் அடிப்பதை அன்று பார்த்தேன். முன்னால் வருகிற வலது கையை எதிராளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடது கை வந்துவிடும். அதில் சத்தமே இருக்காது. மூக்கில் ரத்தத்தோடு எதிராளி திரும்பி நிற்கும்போதுதான் அடி விழுந்ததே நமக்குத் தெரியும்.

அடுத்த வருடம் விழுப்புரத்திலேயே மண்டலப் போட்டி வைத்தார்கள். நாற்பத்தெட்டு கிலோவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் நாங்கள் இரண்டே பேர். அதனால் நேராக ஃபைனல். இரண்டு ஊரிலும் அதுதான் பேச்சு. என் மாஸ்டர் ஒரு மாதம் எனக்கு இடதுகைக்காரப் பையன்களாகத் தேடிப் பிடித்து நிறுத்தினார். அடி வாங்கி அடி வாங்கி ஓரளவு பழகியிருந்தேன். ஜெயிப்பேன் என்று நம்பவில்லை. ஆனால் நிற்க முடியும் என்று நினைத்தேன்.

எனக்கு பாக்ஸிங்கே சித்தப்பாவால் வந்ததுதான். அப்பா எதிலும் வாய் திறக்க மாட்டார். 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இது' என்று ஊரே சொன்னபோது, சித்தப்பாதான் விடியற்காலை பைக்கில் உட்கார வைத்து பஸ் ஏற்றிவிடுவார். முதல் ஷூ அவர் வாங்கித் தந்தது. போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் பார்க்க வருகிறார்கள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தத் திண்டிவனத்துப் பொண்ணு காலனியாமே?"

"ஆமா சித்தப்பா."

"தோக்கறதப் பத்தி எனக்குக் கவலை இல்லம்மா. யாருகிட்ட வேணா தோத்துட்டு வா. அது கையால அடி வாங்கிக்கினு நீ நிக்கிறத நம்ம ஜனம் உக்காந்து பாக்கக் கூடாது. அவ்ளோதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு அம்மா கொடுத்த காபியைக் குடித்தார், போய்விட்டார்.

எல்லாப் பழியையும் அவர் மேல் போட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வார்த்தை எனக்குப் புதிதாக இல்லை. யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்ததுபோல, கேட்டதும் ஒத்துக்கொண்டேன். அதோடு அந்த இடது கையின் பயமும் இருந்தது. எது பயம், எது மற்றது என்று அன்றைக்கும் பிரித்துப் பார்க்கவில்லை, இன்றைக்கும் முடியவில்லை.

மறுநாள் காலை எடை பார்ப்பதற்கு முன்னால் மைதானத்துக் குழாயடிக்குப் போனேன். வீட்டில் நாற்பத்தேழரை காட்டியிருந்தது. இரண்டு பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். பையிலிருந்த வாழைப்பழம் மூன்றையும் தின்றேன். மறுபடியும் குழாயில் வாயை வைத்துக் குடித்தேன். வயிறு கல்லாக இருந்தது. நிமிர்ந்தபோது கொஞ்சம் தள்ளி, ஓட்டப் பாதையின் ஓரமாக அவள் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாளா என்று அப்போது தெரியவில்லை. பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

மெஷினில் நாற்பத்தெட்டைத் தாண்டிவிட்டேன். எடை பார்த்த பெண் அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மாஸ்டருக்கு முகம் வெளுத்தது. "இன்னாம்மா இது, நேத்து சரியாதானே இருந்த?" என்றார். எனக்கே தெரியவில்லை என்றேன். உள்ளூர்ப் போட்டிதானே என்று அவர் கெஞ்சிப் பேசி, என்னை ஐம்பத்தொன்றில் சேர்த்தார்.

ஐம்பத்தொன்றில் ஒரு சண்டை ஜெயித்தேன், ஃபைனலில் தோற்றேன். வெள்ளிப் பதக்கம். வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். அவளை ரிங்குக்குக் கூப்பிட்டு, எதிராளி இல்லை என்று ரெஃப்ரி கையைத் தூக்கிக் காட்டினார். தங்கம் கொடுத்தார்கள். ஒரு குத்துகூட விடாமல், கிளவுஸ் போட்ட கையோடு அவள் நடு ரிங்கில் நின்றது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹெட்கார்டைக் கழற்றவே இல்லை.

அந்த வெள்ளிக்கான சான்றிதழ்தான் பிற்பாடு விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தது. மேஜை, மின்விசிறி, மதியம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோன் பார்க்கிற நேரம், எல்லாம் அதனால் வந்தவை. அவள் என்ன ஆனாள் என்று நான் விசாரித்ததில்லை. விசாரிக்கக் கூடாது என்று முடிவெடுத்ததுபோலவே இருந்துவிட்டேன்.

ஓட்டெடுப்பு வந்த அந்த வாரம் முழுக்க சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை, திண்டிவனத்தில் ஒரு வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அவளுடைய பழைய மாஸ்டரிடம் ஃபோனில் கேட்டிருந்தேன். புதுச்சேரி ரோட்டில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறாள் என்று சொன்னார்.

காக்கிச் சட்டை, தலையில் தொப்பி. ஒரு பைக்குக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தாள். தோள் இன்னும் அப்படியே இருந்தது. என்னைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை.

"ரெண்டு மணிக்கு டூட்டி முடியும். அப்பிடி நிழல்ல உக்காருங்க" என்றாள்.

காற்றடிக்கிற இடத்தில் தகரக் கூரை போட்டிருந்தது. அங்கே கிடந்த பழைய டயர் மேல் உட்கார்ந்தேன். அவள் இரண்டு மணிக்குக் கை கழுவிக்கொண்டு வந்தாள். பக்கத்தில் உட்காரவில்லை. கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. "அன்னைக்கு நான் வேணும்னுதான் எடை ஏத்திக்கினேன்" என்றேன்.

"தெரியும். தண்ணி குடிச்சத பாத்தேனே."

"அப்பவே தெரியுமா?"

"அப்பவே. குழாய்ல வாய வெச்சு மாடு மாதிரி குடிச்சீங்க. எடை பாக்கறதுக்கு முன்னால எவ குடிப்பா?" சிரித்தாள். "ரெண்டு நாளு செம சந்தோஷம் எனக்கு. என்னப் பாத்துப் பயந்துட்டாங்கன்னு."

"ரெண்டு நாளா?"

அவள் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினாள். "அப்புறம் போலீஸ் வேலைக்கு மனு போட்டேன். சர்டிஃபிகேட்ட காமிச்சேன். ஆளே இல்லாத பிரிவுல வாங்கினது, சண்டையே நடக்கலை, இது எடுபடாதுன்னுட்டாங்க. தங்கம்னு எழுதியிருக்குதேன்னேன். எழுதியிருந்தா இன்னாம்மா, யார ஜெயிச்சேன்னு கேட்டாங்க. அதுக்கப்புறம் கல்யாணம். புள்ளைங்க. அப்பிடியே போய்ச்சு."

எனக்கு இது தெரியாது. தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அதைச் சொல்வதற்கும் கூச்சமாக இருந்தது.

சித்தப்பா சொன்னதையும் அவளிடம் சொன்னேன். அவர் சொன்னபடியே, அந்த வார்த்தையையும் விடாமல். எதற்காகச் சொன்னேன் என்று இப்போது யோசித்தால் எனக்கே சரியாகத் தெரியவில்லை. முழு உண்மையையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும்தான், அது அவளுக்கு இன்னொரு அடி என்பது உறைத்தது.

அவள் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பயந்துதான் ஓடினீங்கன்னு இத்தனை வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்" என்றாள். "அதையும் எடுத்துக்கினீங்க."

"பயமும் இருந்துச்சு. நெஜமா."

"இருந்துச்சா?" என்று திரும்பிப் பார்த்தாள். நம்பலாமா என்று பார்ப்பதுபோல இருந்தது. "இத ஏங்க இப்ப வந்து சொல்றீங்க? உங்களுக்குச் சோறு எறங்கலைன்னா நான் இன்னா பண்றது?"

"குரூப்புல எல்லாத்தையும் எழுதிடறேன். எல்லாருக்கும் தெரியட்டும்."

"வேணாம்." சட்டென்று சொன்னாள். "எழுதினா இன்னா ஆவும்? எல்லாரும் ஐயோ பாவம்னு போடுவாங்க. என் மாஸ்டர் படிப்பாரு. எங்க வீட்டுக்காரரு படிப்பாரு. காலனின்னு ஒருத்தர் சொன்னத அத்தன பேரு படிக்கணுமா? அந்தப் பேஜாரு எனக்கு வேணாம். அவங்க ஜெயிச்சிருப்பாங்கன்னு நானே எழுதி முடிச்சு வுட்டேன் இல்ல? அப்பிடியே இருக்கட்டும்."

கிளம்பும்போது கேட்கக் கூடாததைக் கேட்டேன். "உன்... உங்க மனசுல யாரு ஜெயிச்சிருப்பா?"

நான் 'உங்க' என்றதை அவள் கவனித்தாள்.

"மொத ரவுண்டு நீங்க. கை நீளம், கிட்ட வுட மாட்டீங்க. ரெண்டாவதுல நான் தலைய கீழ போட்டு உள்ள வந்துடுவேன். உங்களுக்கு அடிச்சதும் வலது கைய கீழ இறக்கற பழக்கம் இருந்துச்சு, அந்த எடத்துல என் இடது கை வரும். மூணாவதுல மூச்சு வாங்கும் ரெண்டு பேருக்கும்." விரலை மடக்கி மடக்கிச் சொன்னாள். அந்த நேரம் மட்டும் அவள் குரலில் கசப்பே இல்லை. "மொத ஒரு வருஷம் தெனமும் ஓட்டிப் பாத்தேன். எப்பவும் நான்தான் ஜெயிச்சேன். அப்புறம் ஒண்ணு ரெண்டு தடவ நீங்களும் ஜெயிச்சீங்க. நல்லாத்தான் ஆடினீங்க. அப்புறம் புள்ளைங்க பொறந்து வுட்டுட்டேன்."

பஸ் வந்தது. வர்றேன் என்றேன். தலையை ஆட்டினாள்.

மறுநாள் காலை குழுவைத் திறந்து, அந்த ஓட்டெடுப்பில் அவள் பெயருக்கு என் ஓட்டைப் போட்டேன். அதையாவது செய்யலாம் என்று தோன்றியது. ஐந்து நிமிடத்தில் "பாருங்கப்பா பெருந்தன்மைய", "இதான் உண்மையான சாம்பியன்" என்று இதயம் இதயமாக வந்தது. ஓட்டைத் திரும்ப எடுத்துவிடலாமா என்று விரலை வைத்தேன். எடுத்தாலும் அதற்கும் ஒரு பாராட்டு வரும் என்று விட்டுவிட்டேன். அவளுடைய எண்ணிலிருந்து எதுவும் வரவில்லை.

அடுத்த மாதம் சித்தப்பா ஒரு மூட்டை மல்லாட்டையோடு வீட்டுக்கு வந்தார். இப்போது அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஃபைனலுக்கு முந்தின நாள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா என்று சத்தமாகக் கேட்டேன். இல்லை என்றார். நான் சொன்னேன்.

"நானா? நான் எதுக்கும்மா அப்பிடிச் சொல்றேன்?" அவர் உண்மையிலேயே யோசித்தார். பொய் சொல்கிற முகம் இல்லை. "சொல்லியிருந்தாலும் பழைய கதை. அதான் நீ மெடல் வாங்கிட்டியே" என்றபடி மல்லாட்டை ஒன்றை உடைத்து, உள்ளே இருந்த வேர்க்கடலையை என் கையில் வைத்தார். என்னை பைக்கில் வைத்து பஸ் ஏற்றிவிட்ட அதே மனிதர்தான். சண்டை போட எனக்கு வாய் வரவில்லை. அவர் போனதும் பின்கட்டில் போய் அழுதேன். யார் மேல் கோபம் என்று தெரியாத அழுகை.

கார்த்திகையில் திண்டிவனத்தில் என் கணவரின் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் புதுச்சேரிக்குப் போய்விட்டு வரலாம் என்று காரை அந்த ரோட்டில் திருப்பினார். பெட்ரோல் போடணும் என்று அவரே அந்த பங்கில் நிறுத்தினார். வேறு பங்குக்குப் போகலாம் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

அவள்தான் வந்தாள். குனிந்து, கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். நான் இறங்கினேன். முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். குளிரில் வலிக்கும் என்றேன். அவளுக்குத் தோள்பட்டை வலியாம்.

நாங்கள் பேசுவதைப் பார்த்து என் கணவரும் இறங்கி வந்தார். "யாரு, தெரிஞ்சவங்களா?"

"கூட பாக்ஸிங் பண்ணவங்க" என்றேன்.

"கூட இல்லங்க. எதிர்ல" என்றாள் அவள், பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டே.

அவருக்கு உற்சாகமாகிவிட்டது. "அப்பிடியா? யாரு ஜெயிச்சது?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப் போகிறேன் என்று பார்த்தாள். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது.

"மேட்ச் நடக்கல" என்றேன். "நான் ஓடிட்டேன்."

அவர் சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் குழாயை எடுத்து மாட்டினாள், மூடியைத் திருகினாள், பின்னால் நின்ற வேனை முன்னால் வரச் சொல்லிக் கை காட்டினாள்.

காரில் ஏறியதும், "இன்னா விஷயம், சொல்லு" என்றார் என் கணவர். கார் கிளியனூரைத் தாண்டியது. அப்புறம், மைதானத்துக் குழாயடியில் இருந்து தொடங்கினேன்.